பல்காப்பின் வரலாறு: விலக்கப்பட்ட பொருள் விதியான கதை

பல்காப்பு என்பது விளையாட்டின்போது பற்கள், ஈறுகள், உதடுகள், தாடை ஆகியவற்றை அடியிலிருந்து காப்பதற்காக வாய்க்குள் அணியப்படும் நெகிழ்வான உறை ஆகும். இது பெரும்பாலும் மேல்வரிசைப் பற்களின் மீது பொருத்தப்படுகிறது. விளையாட்டுத் திடல்களில் 'மவுத்கார்டு' என்றும், குத்துச்சண்டைக் கூடங்களில் 'கம்ஷீல்டு' என்றும் வழங்கப்படுகிறது. குத்துச்சண்டை, ரக்பி, அமெரிக்கக் கால்பந்து, வளைகோல் பந்தாட்டம், பனி வளைகோல் பந்தாட்டம் போன்ற உடல் மோதல் நிறைந்த விளையாட்டுகளில் இது மிகுதியாகப் பயன்படுகிறது.

இன்று குத்துச்சண்டை வீரர் ஒருவர் பல்காப்பு இல்லாமல் மேடையேற முடியாது. ஆனால் சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு அதே மேடையில் அது விலக்கப்பட்ட பொருளாக இருந்தது. 1890 ஆம் ஆண்டளவில் உருவான இக்கருவி குத்துச்சண்டையில் பரவலாக ஏற்கப்பட 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பள்ளி மாணவர்களுக்கு அமெரிக்காவில் அது கட்டாயமாக்கப்பட்டது 1962 ஆம் ஆண்டில்தான். ஒரு நல்ல கருவி கண்டுபிடிக்கப்படுவது வேறு, அது மக்கள் வாய்க்குள் போய்ச் சேருவது வேறு என்பதைப் பல்காப்பின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பல்லுக்கு மட்டும் ஏன் தனிக் காப்பு

மனித உடலில் பல உறுப்புகள் காயம்பட்டால் தாமே ஆறிக்கொள்ளும் திறன் உடையவை. தோல் கிழிந்தால் கூடுகிறது. எலும்பு முறிந்தால் சில வாரங்களில் ஒட்டிக்கொள்கிறது. பல்லின் மேற்பூச்சான எனாமலுக்கு இந்தத் திறன் இல்லை. உடலில் உள்ள பொருள்களிலேயே மிகக் கடினமானது எனாமல். எனினும், பல் ஈற்றைத் துளைத்து வெளிவருவதற்கு முன்பே அதனை உருவாக்கிய செல்கள் மறைந்துவிடுகின்றன. ஆகவே ஒருமுறை உடைந்த பல் உடைந்ததுதான். மருத்துவர் ஒட்டலாம், மூடலாம், செயற்கைப் பல் வைக்கலாம். பழைய பல் மீண்டும் வளராது.

பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது ஏறத்தாழ 6 வயது முதல் 12 வயது வரையிலான காலத்தில் நடைபெறுகிறது. பிள்ளைகள் போட்டி விளையாட்டில் ஈடுபடத் தொடங்குவதும் அதே வயதில்தான். 12 வயதில் இழக்கும் முன்பல்லை வாழ்நாள் முழுவதும் ஈடுசெய்தாக வேண்டும். 'பல் போனால் சொல் போச்சு' என்ற பழமொழி முதியோரை நினைத்துச் சொல்லப்படுவது. விளையாட்டுக் களத்தில் அது சிறுவர்களுக்கும் பொருந்தும்.

விளையாட்டில் அடிபடும் பற்களில் பெரும்பாலானவை மேல்தாடையின் முன்பற்களே. அவை சற்று முன்னோக்கி அமைந்திருப்பதும், அவற்றுக்கு ஒற்றை வேர் மட்டுமே இருப்பதும் இதற்குக் காரணங்கள். பல்காப்பு மேல்வரிசைக்கென வடிவமைக்கப்படுவதும் இதனால்தான்.

பல்காப்பு மூன்று வகையில் வேலை செய்கிறது. முதலாவதாக, ஒரு பல்லின் மீது விழும் அடியை உள்வாங்கி, பல பற்களுக்கும் பரப்பிவிடுகிறது. இரண்டாவதாக, உதடும் கன்னமும் பற்களின் கூர்மையான விளிம்பில் சிக்கிக் கிழியாமல் இடையில் நின்று தடுக்கிறது. மூன்றாவதாக, தாடையில் அடி விழும்போது கீழ்ப்பற்கள் மேல்பற்களுடன் நேரடியாக மோதிக்கொள்ளாமல் மெத்தை போலத் தாங்குகிறது.

தொடக்க கால முயற்சிகள்

பல்காப்பு குத்துச்சண்டையிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தில் 1867 ஆம் ஆண்டில் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் குத்துச்சண்டைக்குப் புதிய வடிவம் தந்தன. வெறுங்கைகளுக்குப் பதிலாகக் கையுறைகள் வந்தன. ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் என்ற கணக்கும் வந்தது. ஆனால் அந்த விதிகளில் பற்களைக் காப்பதற்கென எதுவும் கூறப்படவில்லை.

வீரர்கள் தமக்குத் தெரிந்த வழிகளைத் தாமே தேடிக்கொண்டனர். பஞ்சுத் திரள், கடற்பஞ்சு, ஒட்டுநாடா, சிறு மரத்துண்டு ஆகியவற்றைப் பற்களுக்கிடையே கவ்விக்கொண்டு சண்டையிட்டனர். இம்முறையில் ஒரு பெரிய குறை இருந்தது. கவ்விய பொருள் கீழே விழாமல் இருக்கச் சண்டை முழுவதும் பற்களை இறுகக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். எதிராளியின் கைகளைக் கவனிப்பதா, வாயில் உள்ள மரத்துண்டைக் கவனிப்பதா என்ற நிலை. மூச்சு விடுவதும் கடினமாயிற்று.

லண்டனில் பிறந்த 'ஈறுக் கேடயம்'

இக்குறைக்குத் தீர்வு கண்டவர் லண்டனைச் சேர்ந்த பல் மருத்துவர் வுல்ஃப் கிராவுஸ். 1890 ஆம் ஆண்டளவில் அவர் கட்டாபெர்ச்சா என்னும் பொருளைப் பட்டையாக வெட்டி, வீரர் மேடையேறும் முன் அவருடைய மேல் முன்பற்களின் மீது பொருத்தினார். அடி விழும்போது உதடு பற்களில் பட்டுக் கிழிவதைத் தடுப்பதே அவருடைய முதல் நோக்கம். ஈறையும் உதட்டையும் காத்ததால் அது 'ஈறுக் கேடயம்' எனப் பொருள்படும் கம்ஷீல்டு என்ற பெயரைப் பெற்றது.

கட்டாபெர்ச்சா என்பது மலாயா, சுமத்ரா, போர்னியோ பகுதிகளில் வளரும் ஒருவகை மரத்தின் பால். சிங்கப்பூரிலிருந்து மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி வழியாக 1843 ஆம் ஆண்டில் இது ஐரோப்பியரின் கவனத்துக்கு வந்தது. வெந்நீரில் இட்டால் களிமண் போல் இளகும். ஆறியதும் கெட்டியாகி, கொடுத்த வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். இந்தப் பண்பினால் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகவும் கோல்ஃப் பந்துகள் செய்யவும் அது பயன்பட்டது. பல் மருத்துவர்கள் வேர்ச் சிகிச்சையில் பல்லின் உட்குழியை நிரப்ப இன்றும் இதனைப் பயன்படுத்துகின்றனர். தம் மேசையில் எப்போதும் இருந்த பொருளையே கிராவுஸ் வேறொரு வேலைக்குப் பயன்படுத்தினார் எனலாம்.

இதில் ஒரு வரம்பு இருந்தது. ஒவ்வொரு சண்டைக்கும் முன்பாகப் பட்டையைப் புதிதாகப் பொருத்த வேண்டும். வுல்ஃப் கிராவுஸின் மகன் பிலிப் கிராவுஸ் இதனைச் சீர்செய்தார். அவரும் பல் மருத்துவர். பொழுதுபோக்காகக் குத்துச்சண்டை பயின்றவர். வாயில் வாங்கும் அடியை நேரில் அறிந்திருந்த அவர், கழற்றி மாட்டக்கூடிய, மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய ரப்பர் பல்காப்பை உருவாக்கினார்.

டெட் கிட் லூயிஸும் 1921 ஆம் ஆண்டுப் போட்டியும்

பிலிப் கிராவுஸின் பள்ளித் தோழர் ஒருவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். 1893 ஆம் ஆண்டில் கிழக்கு லண்டனில் ஓர் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்த கெர்ஷன் மெண்டலஃப் என்பவரே அவர். குத்துச்சண்டை மேடையில் டெட் 'கிட்' லூயிஸ் என்ற பெயரால் அறியப்பட்டார். 1913 ஆம் ஆண்டில் ஃபெதர்வெயிட் எடைப்பிரிவில் பிரித்தானிய வாகையர் ஆனார். 1915 ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜாக் பிரிட்டனை வென்று வெல்டர்வெயிட் எடைப்பிரிவில் உலக வாகையர் பட்டம் பெற்றார். தொழில்முறைப் போட்டிகளில் பல்காப்பை அணிந்த முதல் வீரர்களில் ஒருவர் அவர்.

லூயிஸும் பிரிட்டனும் 1915 முதல் 1921 வரை 20 முறை மோதினர். வாகையர் பட்டம் இருவர் கைகளிலும் மாறி மாறிச் சென்றது. இருவருக்கும் இடையே இருந்த பகையைப் போலவே, லூயிஸின் வாயில் இருந்த ரப்பர் துண்டும் சர்ச்சைப் பொருளாயிற்று.

1921 ஆம் ஆண்டு பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். பிரிட்டனின் மேலாளர் டான் மோர்கன், லூயிஸின் பல்காப்பு விதிகளுக்குப் புறம்பான பொருள் என வாதிட்டார். அவரது வாதம் ஏற்கப்பட்டது. 15 சுற்றுகள் நடந்த அந்தப் போட்டியில் பிரிட்டன் வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல்காப்பு எதிராளிக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. கையுறைக்குள் இரும்பை மறைத்து வைப்பது போன்ற ஏமாற்று வேலை அன்று அது. ஆனால் ஒருவர் அணிந்து மற்றவர் அணியாதபோது, அணிந்தவர் அச்சமின்றி முன்னேறலாம், அதுவே முறையற்ற ஆதாயம் என்று கருத வாய்ப்பு இருந்தது. இருவருக்கும் அணிய இசைவு தருவதுதான் நேரான தீர்வு. அன்று எடுக்கப்பட்ட முடிவோ எதிர்த்திசையில் அமைந்தது.

கருத்து மாறிய இரவு

மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஆறு ஆண்டுகள் கழித்து, 1927 ஆம் ஆண்டு மார்ச் 3 அன்று, மைக் மெக்டீக், ஜாக் ஷார்க்கி ஆகியோர் மோதினர். அயர்லாந்தில் பிறந்த மெக்டீக் முன்னாள் லைட் ஹெவிவெயிட் உலக வாகையர். ஷார்க்கி பின்னாளில், 1932 ஆம் ஆண்டில், ஹெவிவெயிட் உலக வாகையர் ஆனவர்.

எடையில் குறைந்தவரான மெக்டீக் போட்டியின் பெரும்பகுதியில் நன்றாகவே ஆடினார். ஆனால் அவருடைய பல் ஒன்று உடைந்து, அதன் கூர்விளிம்பு உதட்டை ஆழமாகக் கிழித்துவிட்டது. இரத்தம் நிற்காமல் போனதால் 12 ஆவது சுற்றில் போட்டி நிறுத்தப்பட்டு, ஷார்க்கி வென்றதாக அறிவிக்கப்பட்டது. உடைந்த ஒரு பல் பெரிய போட்டி ஒன்றின் முடிவைத் தீர்மானித்ததைப் பெருங்கூட்டம் கண்ணால் கண்டது.

இந்தப் போட்டிக்குப் பின்னரே குத்துச்சண்டையில் பல்காப்பு பரவலாக ஏற்கப்பட்டது எனப் பல்காப்பின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். கிராவுஸ் பட்டையைப் பொருத்தி ஏறத்தாழ 37 ஆண்டுகள் கடந்திருந்தன. இதற்கிடையில் கருவியின் தன்மையில் பெரிய மாற்றம் ஏதும் நிகழ்ந்துவிடவில்லை. அதைப் பார்ப்பவர்களின் கண்ணோட்டமே மாறியது.

மருத்துவ இதழ்களிலும் ஆய்வகங்களிலும்

1930 ஆம் ஆண்டில் பல்காப்பு பல் மருத்துவ இலக்கியத்தில் இடம்பெற்றது. பல் மருத்துவரும் நியூயார்க் மாநிலத் தடகள ஆணையத்தின் குத்துச்சண்டை ஆய்வாளருமான கிளாரன்ஸ் மேயர், வீரரின் பற்களுக்கு அச்செடுத்து, மெழுகும் ரப்பரும் கொண்டு அவரவர் வாய்க்குப் பொருந்தும் பல்காப்பைச் செய்யும் முறையை விளக்கினார். இதன் வழியாகப் பல்காப்பு சண்டைக்கூடத்து உபாயம் என்ற நிலையிலிருந்து மருத்துவப் பொருள் என்ற நிலைக்கு உயர்ந்தது.

அடுத்த முன்னேற்றம் 1947 ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நிகழ்ந்தது. பல் மருத்துவர் ராட்னி லிலிக்விஸ்ட், கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிசினால் மெல்லிய உறை ஒன்றைச் செய்தார். அதுவரை இருந்த தடித்த ரப்பர் பல்காப்புகள் பேச்சையும் மூச்சையும் தடுத்தன. அக்ரிலிக் உறை வாயில் இருப்பதே வெளியே தெரியாத அளவுக்கு மெல்லியதாக இருந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடிய டிக் பெரி இதனை முதலில் அணிந்தவர். சான் பிரான்சிஸ்கோ அணியின் ஃபிராங்கி ஆல்பர்ட் இதனைத் தொழில்முறை ஆட்டத்துக்குக் கொண்டுசென்றவர்களுள் ஒருவர். இவ்வாறு பல்காப்பு குத்துச்சண்டை மேடையிலிருந்து இறங்கிக் குழு விளையாட்டுக்குள் நுழைந்தது.

பள்ளி மாணவர்களும் 1962 ஆம் ஆண்டு விதியும்

அமெரிக்கக் கால்பந்து என்பது கையால் பந்தை ஏந்தி ஓடி, எதிரணியினரை உடலால் மோதி வீழ்த்தும் ஆட்டம். தலைக்கவசம் இருந்தும், தொடக்கத்தில் முகத்தின் முன்பகுதி திறந்தே கிடந்தது. 1940களிலும் 1950களிலும் இந்த ஆட்டத்தில் ஏற்பட்ட காயங்களில் 24 முதல் 50 சதவீதம் வரை வாய், பல் சார்ந்தவை என அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் கண்டறிந்தது. 1952 ஆம் ஆண்டில் 'லைஃப்' இதழ், நோட்டர் டாம் பல்கலைக்கழக அணியில் முன்பற்களை இழந்த வீரர்களைப் பற்றிய செய்தியை வெளியிட்டது. வாசகர்களின் கவனம் பல்காப்பின் பக்கம் திரும்புவதற்கு அது உதவியது.

1960 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், உடல் மோதல் உள்ள எல்லா விளையாட்டுகளிலும் பல்காப்பு அணியப் பரிந்துரைத்தது. 1962 ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிகளில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் மாணவர் அனைவருக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. கல்லூரி ஆட்டங்களை நடத்தும் தேசியக் கல்லூரித் தடகளச் சங்கம் 1973 ஆம் ஆண்டில் இதே விதியை ஏற்றுக்கொண்டது.

இங்கே வரிசை கவனிக்கத்தக்கது. பள்ளிச் சிறுவர்களுக்கு முதலில் விதி வந்தது. கல்லூரி இளைஞர்களுக்கு 11 ஆண்டுகள் கழித்தே வந்தது. பெரியவர்கள் ஆடும் தொழில்முறைத் தேசியக் கால்பந்துக் கூட்டிணைவு பல்காப்பைக் கட்டாயமாக்கவே இல்லை. பிள்ளைகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிட முடியாது என்ற எண்ணம் இந்த வரிசையில் தெரிகிறது.

விதியை நடைமுறைப்படுத்துவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. நிறமற்ற பல்காப்பை வீரர் அணிந்துள்ளாரா இல்லையா என நடுவரால் தொலைவிலிருந்து காண இயலாது. ஆகவே பல்காப்பு வெள்ளையாகவோ நிறமற்றதாகவோ இருக்கக் கூடாது, எளிதில் கண்ணுக்குப் புலப்படும் நிறத்தில் இருக்க வேண்டும் என்று கல்லூரிக் கால்பந்தில் விதிக்கப்பட்டது. குத்துச்சண்டையிலோ சிவப்பு நிறப் பல்காப்புக்கு இடமில்லை. வாயிலிருந்து இரத்தம் வருகிறதா என்பதை நடுவரும் மருத்துவரும் உடனே காண வேண்டும் என்பதே அதன் காரணம்.

நியூசிலாந்து ரக்பி தந்த சான்று

விதியால் பற்கள் உண்மையில் காப்பாற்றப்படுகின்றனவா என்ற வினாவுக்கு மிகத் தெளிவான விடை நியூசிலாந்திலிருந்து கிடைத்தது. அந்நாட்டில் ரக்பி தேசிய விளையாட்டைப் போன்றது. சிற்றூர்ப் பள்ளிகள் முதல் தேசிய அணி வரை எங்கும் ஆடப்படுகிறது.

அந்நாட்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1974 ஆம் ஆண்டு முதல் விபத்து இழப்பீட்டுக்கென ஒரு பொது அமைப்பு அங்கே இயங்குகிறது. யார் தவறு என்று ஆராயாமல், விபத்தில் காயமடைந்தோரின் மருத்துவச் செலவை அது ஏற்கிறது. விளையாட்டில் உடையும் பல்லுக்கான கோரிக்கையும் அதே அலுவலகத்துக்கே வருகிறது. இதனால் நாடு முழுவதும் ரக்பியில் எத்தனை பேர் பற்காயம் அடைந்தனர் என்பதை ஆண்டுதோறும் கணக்கிட முடிந்தது. பல நாடுகளில் இத்தகைய கணக்கு ஓரிடத்தில் கிடைப்பதில்லை.

1997 ஆம் ஆண்டில் 19 வயதுக்கு உட்பட்டோருக்கும், 1998 ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போட்டிகளின் எல்லா நிலைகளுக்கும் பல்காப்பு கட்டாயமாக்கப்பட்டது. இதன் விளைவை ஆராய்ந்த கட்டுரை 2005 ஆம் ஆண்டில் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ இதழில் வெளியாயிற்று. அதன் முதன்மை முடிவுகள் வருமாறு:

- ஆட்டக்காரர்கள் தாமே தெரிவித்தபடி, பல்காப்பு அணியும் அளவு 1993 ஆம் ஆண்டில் 67 சதவீதமாக இருந்தது. 2003 ஆம் ஆண்டில் அது 93 சதவீதமாக உயர்ந்தது.
- 1995 ஆம் ஆண்டில் 2,644 பற்காயக் கோரிக்கைகள் பதிவாயின. 2003 ஆம் ஆண்டுக்குள் கோரிக்கைகள் 43 சதவீதம் குறைந்தன.
- பல்காப்பு அணியாதோர் பற்காயக் கோரிக்கை அளிக்கும் வீதம் அணிந்தோரைப் போல் 4.6 மடங்கு எனக் கணக்கிடப்பட்டது.
- இழப்பீட்டுச் செலவில் மொத்தம் 18.7 இலட்சம் நியூசிலாந்து டாலர் மிச்சமானதாக மதிப்பிடப்பட்டது.

ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையும் ஆட்டங்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ மாறாமல் இருந்தன என்ற அனுமானத்தின் மீது இக்கணக்கு அமைந்தது. ஒவ்வொரு வீரரையும் தனித்தனியே பின்தொடர்ந்து செய்த ஆய்வு அன்று இது. எனினும் நாடளாவிய கணக்கு என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

இந்த எண்களில் முதலாவது எண் சிந்திக்கத்தக்கது. விதி வருவதற்கு முன்பே மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பல்காப்பு அணியப்பட்டது. அதன் பயன் யாருக்கும் தெரியாத செய்தி அன்று. எஞ்சிய ஒரு பங்கில் பெரும்பகுதியை உள்ளே கொண்டுவந்தது விதியே.

விதி இல்லாத களங்கள்

விதி இல்லாத இடங்களில் பழைய மனப்பான்மை நீண்ட காலம் நீடித்தது. பனி வளைகோல் பந்தாட்டத்தில் கடினமான ரப்பர் வட்டு பெருவேகத்தில் பாய்கிறது. மட்டைகள் முகத்துக்கு அருகில் சுழல்கின்றன. ஆயினும் வட அமெரிக்கத் தேசிய வளைகோல் கூட்டிணைவில் பல்காப்பு கட்டாயமில்லை. 1974 ஆம் ஆண்டில் ஃபிலடெல்பியா அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, அதன் தலைவர் பாபி கிளார்க் முன்பற்கள் இல்லாத வாயுடன் சிரித்த நிழற்படம் உலகெங்கும் பரவியது. பல் இழப்பு வீரத்தின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வளைகோல் பந்தாட்டத்தின் பன்னாட்டு விதிகளில், களத்தில் ஆடுவோர் முழந்தாள் முன்காப்பு, கணுக்கால் காப்பு, வாய்க்காப்பு ஆகியவற்றை அணியுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. இது பரிந்துரையே தவிர, கட்டாயமில்லை. இதே விளையாட்டில் அமெரிக்கக் கல்லூரி விதிகள் பல்காப்பைக் கட்டாயமாக்கியுள்ளன. ஒரே ஆட்டம், ஒரே பந்து, ஒரே ஆபத்து. ஆனால் விதி இடத்துக்கு இடம் மாறுகிறது.

பல்காப்பின் வகைகள்

இன்று புழக்கத்தில் உள்ள பல்காப்புகளை மூன்று வகையாகப் பிரிப்பர்.

ஆயத்தப் பல்காப்பு: கடையில் வாங்கியபடியே அணியக்கூடியது. விலை குறைவு. வாய்க்குப் பொருந்துவதில்லை. விழாமல் இருக்கப் பற்களைக் கடித்தபடியே இருக்க வேண்டும். பஞ்சையும் மரத்துண்டையும் கவ்விய காலத்துக் குறை இதில் இன்னும் உள்ளது.

வெந்நீரில் இளக்கிக் கடிக்கும் பல்காப்பு: வெந்நீரில் சிறிது நேரம் இட்டு இளகியதும் வாயில் வைத்துக் கடித்து, விரலாலும் நாக்காலும் அழுத்தி வடிவம் கொடுக்கப்படுவது. மாணவர்களிடையே மிகுதியாகப் புழங்குவது இதுவே. கடிக்கும்போது மிகுதியாக அழுத்தினால் சில இடங்களில் மெலிந்துவிடும். அங்கே காப்பும் குறையும்.

மருத்துவர் செய்து தரும் பல்காப்பு: பல் மருத்துவர் வாய்க்கு அச்செடுத்து, மாதிரி வார்த்து, அதன் மீது சூடாக்கிய தகட்டைக் காற்றழுத்தத்தால் படியச் செய்து உருவாக்குவது. வாயிலிருந்து நழுவாது. பேசுவதும் மூச்சு விடுவதும் எளிது. செலவு கூடுதல்.

மூன்றிலும் பெரும்பாலும் பயன்படும் பொருள் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் நெகிழி. ஓட்டக் காலணிகளின் அடிப்பகுதியில் மெத்தையாக இருப்பதும் இதுவே. தடிமன் கூடினால் அடி உறிஞ்சும் திறன் கூடும். அளவுக்கு மீறினால் அணிபவர் அதனைப் பொறுக்கமாட்டார். முன்பற்களின் பகுதியில் 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருப்பது பொருத்தமானது எனக் கொள்ளப்படுகிறது.

வளரும் பிள்ளைகளுக்குப் புதிய பற்கள் முளைப்பதாலும் தாடை பெரிதாவதாலும் பழைய பல்காப்பு பொருந்தாமல் போகும். பல் சீரமைப்புக் கம்பி அணிந்தோருக்குத் தனி வடிவம் தேவை. அவர்கள் மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டும். பயன்படுத்திய பின் குளிர்ந்த நீரில் கழுவி, காற்றுத் துளையுள்ள பெட்டியில் வைப்பது முறை. வெயிலிலோ சூடான வாகனத்திலோ வைத்தால் வடிவம் கெடும்.

மூளை அதிர்ச்சியைத் தடுக்குமா

பல்காப்பு மூளை அதிர்ச்சியையும் தடுக்கும் என்ற கருத்து நெடுங்காலமாக உலவுகிறது. தாடையில் விழும் அடி மண்டையோட்டுக்குச் செல்வதைப் பல்காப்பு குறைக்கும் என்பது இதன் அடிப்படை. சான்றுகள் இதில் ஒருமித்து நிற்கவில்லை.

2002 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆய்வு ஒன்றில், பல்காப்பு அணிந்தோருக்குப் பற்காயங்கள் குறைவாக இருந்தன. மூளை அதிர்ச்சியில் வேறுபாடு காணப்படவில்லை. 2007 ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பாய்வு, அணியாதோருக்கு வாய், முகக் காயங்களின் வாய்ப்பு 1.6 முதல் 1.9 மடங்கு எனக் கண்டது. மூளை அதிர்ச்சியைப் பொறுத்தவரை உறுதியாகக் கூற இயலாது என்றது. 2023 ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு வல்லுநர் அறிக்கை, பனி வளைகோல் பந்தாட்டத்தில் பல்காப்பு அணிந்தோரிடம் மூளை அதிர்ச்சி வீதம் 28 சதவீதம் குறைவாக இருந்ததைக் குறிப்பிட்டது. இது ஒரு விளையாட்டைப் பற்றிய முடிவு. எல்லா விளையாட்டுக்கும் இதனை அப்படியே பொருத்திவிட இயலாது.

ஆகவே பல்காப்பு அணிந்திருப்பதால் தலைக்கு ஒன்றும் ஆகாது என்று ஆட்டக்காரரோ பயிற்றுநரோ எண்ணுவது ஆபத்து. தலையில் அடிபட்டவருக்குத் தலைச்சுற்றல், வாந்தி, குழப்பம், தலைவலி போன்றவை தோன்றினால் உடனே ஆட்டத்திலிருந்து விலக்கி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூளை அதிர்ச்சியை அளப்பதற்கு உதவும் கருவியாகவும் பல்காப்பு அண்மையில் மாறியுள்ளது. மேல்பற்கள் மண்டையோட்டுடன் இறுக இணைந்திருப்பதால், அவற்றின் மீது பொருத்தப்படும் உணரி தலையின் அசைவைத் துல்லியமாகப் பதிவு செய்யும். உணரி பொருத்திய பல்காப்புகளை உலக ரக்பி அமைப்பு 2024 ஆம் ஆண்டு முதல் உயர்நிலைப் போட்டிகளின் தலைக்காயச் சோதனை முறையில் சேர்த்துள்ளது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் தலை அதிர்ந்தால் களத்தின் ஓரத்தில் உள்ள மருத்துவருக்குச் செய்தி செல்கிறது. வீரர் சோதனைக்காக வெளியே அழைக்கப்படுகிறார். வலியை மறைத்து ஆட நினைப்பவரின் வாயிலிருந்தே இப்போது உண்மை வெளிவருகிறது.

களத்தில் பல் விழுந்தால்

காப்பு இல்லாத நேரத்தில் நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால், அதனை மீண்டும் நட்டுக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. இதனை விளையாட்டு ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருப்பது நல்லது.

- பல்லை அதன் வெண்மையான மேற்பகுதியில் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடக் கூடாது.
- அழுக்கு இருந்தால் பாலிலோ தூய நீரிலோ மெல்ல ஒருமுறை அலச வேண்டும். தேய்க்கவோ சுரண்டவோ கூடாது.
- காயமடைந்தவர் முழு நினைவுடன் இருந்தால், பல்லை அதே குழியில் பொருத்தி, துணியைக் கடித்துக்கொள்ளச் செய்யலாம்.
- அது இயலாவிட்டால் பல்லைப் பாலில் இட்டு எடுத்துச் செல்ல வேண்டும். உலரவிடக் கூடாது, நீரில் ஊறவைப்பதும் நல்லதன்று.
- கூடிய விரைவில் பல் மருத்துவரை அடைய வேண்டும். முதல் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் நடப்பட்டால் பல் நிலைக்கும் வாய்ப்பு அதிகம்.
- பால்பல் விழுந்தால் அதனை மீண்டும் பொருத்தக் கூடாது. கீழே வளரும் நிலைப்பல்லுக்கு அது கேடு செய்யக்கூடும்.

மதிப்பீடு

பல்காப்பின் வரலாற்றில் பெரும் அறிவியல் புதிர் ஏதும் இல்லை. அடி விழும் இடத்தில் மெத்தை வைத்தால் அடி குறையும் என்பது பஞ்சைக் கவ்விய வீரருக்கும் தெரிந்திருந்தது. வுல்ஃப் கிராவுஸ் அதற்கு நல்ல வடிவம் கொடுத்தார். பிலிப் கிராவுஸ் அதனை நிலைக்கச் செய்தார். அதன் பின்னர் தடையாக நின்றவை பழக்கமும், காப்பு அணிவது கோழைத்தனம் என்ற எண்ணமும், இசைவு தராத விதிகளுமே. 1921 ஆம் ஆண்டில் விதி பல்காப்பை வெளியேற்றியது. 1962 ஆம் ஆண்டில் விதியே அதனை ஒவ்வொரு மாணவரின் வாயிலும் வைத்தது. 1997 முதல் நியூசிலாந்து அதன் பயனை எண்களால் காட்டியது.

இன்றும் உலகின் பல பள்ளித் திடல்களில் உடல் மோதல் உள்ள ஆட்டங்கள் பல்காப்பு இல்லாமலே ஆடப்படுகின்றன. வெந்நீரில் இளக்கிக் கடிக்கும் எளிய பல்காப்புக்கு ஆகும் செலவு, ஒரு செயற்கைப் பல் வைப்பதற்கான செலவில் மிகச் சிறிய பகுதியே. அந்தச் சிறு செலவைப் பள்ளி ஏற்பதா, பெற்றோர் ஏற்பதா என்பதும், விதியை யார் எழுதுவது என்பதும் தீர்க்கப்பட வேண்டியவை. அதுவரை உடையும் பற்கள் பெரும்பாலும் பிள்ளைகளுடையவையாகவே இருக்கும்.